சங்குத்திட்டிப் படகின் வெள்ளோட்டம்

புதிய அரசாங்கம் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே அதற்குப் பெரிய தலையிடி ஒன்று வந்தது. கஜானா காலியாகக் கிடந்ததைச் சொல்லவில்லை. அது அந்தச் சின்னத் தீவில் எல்லா அரசாங்கங்களுக்கும் பழகிப்போன விடயம். சனம் எதிர்பார்க்கத் தொடங்கியதுதான் தலையிடி. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று கால் வீங்கிய சனம், வாக்குப் போட்ட கையோடு எதிர்பார்த்தது. கமக்காரன் உரத்தை எதிர்பார்த்தான். ஆசிரியர் சம்பள உயர்வை எதிர்பார்த்தார். வேலையில்லாத பட்டதாரி வேலையையே எதிர்பார்த்தான். இந்த வேகத்தில் போனால் நாடு தாங்காது என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தேசிய எதிர்பார்ப்புச் செயலணி என்று ஒன்றை உருவாக்கியது. மக்களின் எதிர்பார்ப்புகளைக் கேட்டறிதல், தரம் பிரித்தல், பேணிப் பாதுகாத்தல் ஆகியவை அதன் கடமைகள். நிறைவேற்றுதல் என்ற சொல் அதன் பிரகடனத்தில் எந்த இடத்திலும் இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவுமில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரரைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள் என்பதால் செயலணி தன் முதலாவது வெளிநாட்டு அமர்வை ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்து மண்டபமொன்றில் நடத்தியது.

முதல்நாள் அதே மண்டபத்தில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. பிள்ளை இருந்த தங்க நிறச் சிம்மாசனத்தை மேடையிலிருந்து அகற்ற நேரமில்லாமல் போய்விட்டது. செயலணியின் பணிப்பாளர் கலாநிதி சுலக்ஷன் அதிலேயே அமர்ந்தார். அவருக்கு அது நன்றாகப் பொருந்தியதாகப் பலரும் சொன்னார்கள்.

இராசலிங்கம் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கத் தேவையே இல்லை. பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் பஸ் ஓட்டுகிற மனிதர். அகதியாக வந்த நாளிலிருந்து சிங்கள அரசியல்வாதி, தமிழ் அரசியல்வாதி, ஜெர்மன் அரசியல்வாதி என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி நம்பாமல் இருந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனது தங்கச்சியின் வருத்தம்.

தங்கச்சி சந்திரகாந்தி யாழ்ப்பாணத்துக்கு அப்பால் சங்குத்திட்டி என்ற சின்னஞ்சிறு தீவில் இருந்தாள். புருசன் இல்லை, ஆரணி என்று ஒரே மகள். இரண்டு சிறுநீரகங்களும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் கடல் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். தீவுக்கு ஓடிய அரச படகு ஓட்டை விழுந்து கரையில் ஏற்றப்பட்டு வருடக்கணக்காகிவிட்டது. தம்பித்துரை என்ற மீன்பிடிகாரன் தன் வள்ளத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போவான். அதன் இயந்திரம் நடுக்கடலில் நின்று நின்றுதான் ஓடும். கடல் கொந்தளிக்கும் நாளில் அவன் வள்ளம் இறக்க ஏலாது. அவளுடைய இரத்தம் அழுக்காகவே ஓடும்.

இதற்கு ஒரு வழியை ஊர்க்காரர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். சங்குத்திட்டி மக்கள் ஒன்றியத்தின் ஜெர்மன் கிளை, தம்பித்துரையின் வள்ளத்துக்கு நல்லதொரு இயந்திரமும் கூரையும் போட்டுக் கொடுக்கக் காசு சேர்த்து முடித்திருந்தது. அனுப்புகிற வேலை மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான் செயலணி வந்து சேர்ந்தது.

மங்கல விளக்கை ஏற்றினார்கள். விளக்கேற்ற அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஏற்றி முடிப்பதற்குள், முதலில் ஏற்றியவர் வீட்டுக்கே போய்விட்டார். பிறகு பணிப்பாளர் எழுந்தார்.

“அன்பார்ந்த உறவுகளே! ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வளம் உண்டு. அரபு நாடுகளுக்கு எண்ணெய். ஜெர்மனிக்குக் கார். எமது நாட்டுக்கு எதிர்பார்ப்பு. முந்திய அரசாங்கங்கள் இந்த வளத்தை என்ன செய்தன? ஒரு வீதியைப் போட்டார்கள். அந்த வீதி பற்றிய எதிர்பார்ப்பு அன்றோடு அழிந்தது. ஒரு பாலத்தைக் கட்டினார்கள். அதுவும் அழிந்தது. இப்படிக் கண்மூடித்தனமாக நிறைவேற்றி நிறைவேற்றியே நாட்டை வங்குரோத்தாக்கினார்கள். எமது அரசாங்கம் அந்தத் தவறை ஒருபோதும் செய்யாது!”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பேச்சுக்குத் தட்டினார்களா, பின்கதவால் புரியாணி வந்து இறங்கியதற்குத் தட்டினார்களா என்று சொல்வது கஷ்டம்.

பிறகு சபையோரின் எதிர்பார்ப்புகள் கேட்கப்பட்டன. ஒருவர் தன் ஊருக்குச் சர்வதேச விமான நிலையம் கேட்டார். இன்னொருவர் தன் காரை வரியில்லாமல் கொண்டுபோக வேண்டும் என்றார். நாட்டைச் சிங்கப்பூராக்க வேண்டும் என்றார் ஒருவர். எந்தத் திகதிக்கு முதல் என்றும் சொன்னார். பணிப்பாளர் எல்லாவற்றுக்கும் முகம் மலர்ந்தார். கேட்பது எவ்வளவு பெரிதோ மலர்ச்சியும் அவ்வளவு பெரிதாக இருந்தது.

இராசலிங்கம் எழும்பினார். “எங்கட தீவுக்கு ஒரு படகு வேணும் ஐயா. என்ர தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போக.”

சபை அமைதியாகிவிட்டது. எங்கள் ஆட்களின் கூட்டங்களில் இப்படியொரு சின்ன விடயத்தை ஒருவரும் கேட்பதில்லை. பணிப்பாளர் சிம்மாசனத்தை விட்டிறங்கி அவருக்குக் கிட்ட வந்தார்.

“உங்கட தங்கச்சியின்ர பேர் என்ன அண்ணை?”

“சந்திரகாந்தி.”

“சந்திரகாந்தி,” என்று பணிப்பாளர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “அக்கா கட்டாயம் அந்தப் படகில ஏறுவா.”

அந்த இடத்தில்தான் இராசலிங்கம் விழுந்தார். அவர் வாழ்க்கையில் அரசாங்க உத்தியோகத்தர்கள் அவருடைய ஆட்களின் பெயரைக் கேட்டது அடையாள அட்டை பார்க்கும்போது மட்டும்தான். முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டுத் திட்டாமல் இருந்தார். நாற்பது வருடமாக யாரையும் நம்பாமல் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கை முழுவதையும் அந்த மனிதர் ஒரே நிமிடத்தில் அங்கேயே கொட்டிவிட்டார்.

எங்கள் கூட்டங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. எவர் எழும்பி ஒரு குறையைச் சொல்கிறாரோ, அவரையே அந்தக் குறைக்குத் தலைவராக்கிவிடுவோம். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றவர் சுகாதாரக் குழுத் தலைவர். ஒலிபெருக்கி இரைகிறது என்றவர் கலைப்பிரிவுப் பொறுப்பாளர். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்க மாட்டார். அவ்வழக்கத்தின்படி இராசலிங்கம் சங்குத்திட்டிப் படகு எதிர்பார்ப்புக் குழுவின் ஐரோப்பியத் தலைவராக ஏகமனதாகத் தெரிவானார். பொன்னாடை போர்த்தினார்கள். அதன் விலைச்சீட்டு அவருடைய கழுத்தில் உரஞ்சிக்கொண்டிருந்தது.

வீட்டில் மகள் கம்சனா கேட்டாள். அவள் நகரசபை ஒன்றில் வேலை செய்கிறவள். ஜெர்மன் நடைமுறையில் வளர்ந்த பிள்ளை. “அப்பா, அன்ட்ராக் எழுதி நிரப்பிக் குடுத்தீங்களா? எப்ப பதில் சொல்லுவினமாம்? போய்ச் சந்திக்க ஆரிட்ட டெர்மின் எடுக்கிறது?”

“பேர் கேட்டவர் பிள்ளை.”

“ஆற்ற பேர்?”

“மாமியின்ர பேர்.”

 தகப்பன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டுக் கம்சனா மேலே ஒன்றும் கேட்கவில்லை.

தங்கச்சிதான் விடவில்லை. தொலைபேசியில் சிரித்தாள். “அண்ணை, உங்களுக்கு வயசு போட்டுது. அரசாங்கம் படகு தாறதெண்டால் கடலையும் கூடவெல்லோ கொண்டுவர வேணும்.” வருத்தக்காரியின் பகிடிக்குக் குறைவில்லை.

ஒன்றியத்தின் தலைவர் மகேந்திரராஜா பொதுக்கூட்டத்தைக் கூட்டினார். “அரசாங்கமே படகு தரேக்க நாங்கள் இயந்திரம் அனுப்பினால் என்ன அர்த்தம்? அவையில நம்பிக்கை இல்லையெண்டு ஆகாதோ? இராசலிங்கண்ணை, நீங்கள்தான் தலைவர். சொல்லுங்கோ.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இராசலிங்கம் யோசித்தார். பணிப்பாளர் தங்கச்சியின் பெயரைச் சொன்ன விதம் காதில் கேட்டது. “கொஞ்சம் பொறுப்பம்,” என்றார்.

பொறுத்தார்கள். சேர்த்த காசு சும்மா கிடக்கக் கூடாது என்று அதில் செயலணிக்கு ஒரு நன்றி விழா வைத்தார்கள். பரதநாட்டியம் இருந்தது. இரவுச் சாப்பாடு திறம்.

செயலணியும் சும்மா இருக்கவில்லை. இணையவழியில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். படகின் நிறம் பற்றி ஒரு உபகுழு. படகின் பெயரை எந்த மொழியில் மேலே எழுதுவது என்று ஒரு உபகுழு; அது ஆறு தடவை கூடிக் கலைந்தது, ஏனென்றால் படகுக்குப் பெயரே இன்னும் வைக்கப்படவில்லை. பெயர் வைக்க வேறொரு உபகுழு. இராசலிங்கம் இரவுப் பணி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, சீருடை கழற்றாமல் மடிக்கணினிக்கு முன்னால் இருந்து, எல்லா நிறங்களுக்கும் சம்மதம் சொன்னார்.

ஒருநாள் பொருளாதாரப் பிரிவு ஒரு சிக்கலை எழுப்பியது. அரசாங்கத்தின் திட்டம் வளர்ச்சித் திட்டம். நோயாளி ஒருவர் கடல் கடப்பது செலவு, வளர்ச்சி அல்ல.

“அக்கா போகேக்க விற்கிறதுக்கு ஏதும் கொண்டு போவாவோ?” என்று பணிப்பாளர் மிகுந்த கரிசனையோடு கேட்டார். “கொஞ்சம் கருவாடு? சின்னப் பார்சல் எண்டாலும் போதும் அண்ணை. ஏற்றுமதி எண்டு காட்டிப்போடலாம்.”

இராசலிங்கம் தங்கச்சியிடம் சொன்னார். சொல்லும்போது வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது. அவள் இந்தமுறை சிரிக்கவில்லை. அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வீங்கிய கையில் ஊசித் தழும்புகளோடு, ஒரு கருவாட்டுப் பார்சலையும் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஆரணி படம் பிடித்து அனுப்பினாள். செயலணி அந்தப் படத்தைத் தன் ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டது. “வடக்கின் பெண் தொழில்முனைவோர்” என்று கீழே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம். வாழ்க்கையில் அண்ணனிடம் ஒரு செருப்புக்கூடக் கேட்டறியாதவள், “அந்தப் படகில கூரை இருக்குமோ அண்ணை?” என்று கேட்டாள். இன்னொரு நாள், “படுக்கிறதுக்கு நீட்டுப் பலகையா ஒரு வாங்கு கிடந்தால் நல்லது. வரேக்க தலைசுத்துது. ஏலாட்டி வேண்டாம்,” என்றாள். இராசலிங்கம் வாங்கு பற்றிப் பேச உபகுழு கேட்டார். கொடுத்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. கடல் ஏறத் தொடங்கியது. தம்பித்துரையின் இயந்திரம் முற்றாகச் செத்தது. துடுப்பும் சின்ன பிளாஸ்டிக் வள்ளமுமாக அவன் ஒரு தரம் கொண்டுபோனான், மறுதரம் ஏலவில்லை. ஆரணியின் குரலில் பயம் தெரிந்தது. இராசலிங்கம் தன் வாழ்நாளில் முதல்தடவையாக அதிகாரி ஒருவரிடம் குரலை உயர்த்தினார். “ஐயா, படகு எங்க?”

“அண்ணை, நல்ல செய்தி,” என்றார் பணிப்பாளர். “வாற சனிக்கிழமை வெள்ளோட்டம்!”

இராசலிங்கம் அழுதுவிட்டார். மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்காமல் உடனே தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். “காந்தி, சனிக்கிழமை படகு வெள்ளோட்டமாம்.”  “மெய்யாவோ அண்ணை?” என்றாள். “மெய்யாத்தான்.”

அழைப்பிதழ் மறுநாள் வந்தது. இடம்: பிராங்பேர்ட், மைன் நதி. முதலீட்டாளர்கள் ஜெர்மனியில் இருப்பதாலும், வங்கிக் கட்டடங்கள் படத்தில் பின்னால் தெரிந்தால் சந்தை நம்பிக்கை கூடும் என்பதாலும், படகின் மாதிரியுரு அங்கே உல்லாசப் படகொன்றின் மேல்தட்டில் திரை நீக்கப்படும். இராசலிங்கம் அதை மூன்று தரம் வாசித்தார். திரும்பத் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லத்தான் நினைத்தார். அவள் அந்த இரவு தலைசுற்றுக்கும் வாந்திக்கும் நடுவில் நன்றாக நித்திரை கொள்வதாக ஆரணி சொன்னாள். எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். நதி சலனமில்லாமல் கிடந்தது. கீழ்த்தட்டில் ஜெர்மன்காரர் கேக் சாப்பிட்டார்கள். மேல்தட்டில் எங்கள் ஆட்கள் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பட்டுத்துணியால் மூடியிருந்த மாதிரியுரு ஒரு கை நீளம். இராசலிங்கம் கோட்டும் பொன்னாடையுமாக நின்றார். கம்சனா பக்கத்தில் நின்றாள். ரிபனை வெட்டக் கத்தரிக்கோலை வாங்கும்போது போன் அடித்தது. ஆரணி.

“மாமா,” என்றாள். “அம்மா போட்டா மாமா.”

அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஒலிவாங்கியை மகேந்திரராஜா அவர் வாயருகே பிடித்தார். “தலைவர் இப்ப நாலு வார்த்தை பேசுவார்.”

“என்ர தங்கச்சி செத்துப்போனா,” என்றார் இராசலிங்கம்.

 பணிப்பாளர் உண்மையிலேயே கலங்கிப்போனார். அதை மறைக்கக் கூடாது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அனைவரையும் ஒரு நிமிட மௌனத்துக்கு அழைத்தார். பிறகு தலை நிமிர்ந்தார்.

“உறவுகளே, எதிர்பார்ப்போடு வாழ்ந்து, எதிர்பார்ப்போடு மறைந்த ஒரு தாய்! இதைவிட உயர்ந்த குடிமகள் யார்? பெயர் உபகுழுவின் சார்பில் நான் இங்கே அறிவிக்கிறேன். இந்தப் படகின் பெயர் சந்திரகாந்தி!”

பட்டுத்துணியை இழுத்தார்கள். வெள்ளையும் நீலமுமாக அழகான படகு. கூரை இருந்தது. விரலளவில் ஒரு வாங்கும் இருந்தது. சனம் கைதட்டியது. சிலர் அழுதுகொண்டே தட்டினார்கள். இராசலிங்கம் அந்தப் பிளாஸ்டிக் வாங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கேட்டதைக் கொடுத்திருந்தார்கள்.

உல்லாசப் படகு அடுத்த துறையில் ஒதுங்கியது. சக்கர நாற்காலியில் ஒரு ஜெர்மன் மூதாட்டி இறங்க வேண்டியிருந்தது. படகுக்காரன் பலகையைப் போட்டு, பிசகாமல் இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்து, அவசரமில்லாமல் அவரைக் கரையேற்றினான். அதுவரை முழுப் படகும் காத்து நின்றது. இராசலிங்கம் அவர் பின்னாலேயே இறங்கிக் கரையில் குந்திவிட்டார். கம்சனா கூடவே இறங்கினாள்.

“நான்தான் பிள்ளை இயந்திரத்தை அனுப்ப விடேல்லை. நான்தான் பொறுக்கச் சொன்னனான்.”

கம்சனாவும் பக்கத்தில் குந்தினாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தம்பித்துரை தொலைபேசி எடுத்தான். பின்னால் காற்றும் அலையும் இரைந்தன. சனத்தின் சத்தமும் கேட்டது.

“அண்ணை, காலமை நான் கூப்பிட்டனான். கடல் பரவாயில்லாமல் கிடந்தது, சின்ன வள்ளத்தில கொண்டு போறன் அக்கா எண்டனான். அவா மாட்டனெண்டிட்டா. இண்டைக்கு அண்ணையின்ர படகு வருது, நீ ஏன் வீணா நனையிறாய் எண்டா. நல்ல சீலை கட்டி, துறையில கதிரை போட்டு இருந்தவா. ஊர்ச்சனமும் நிறைகுடம் வைச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டது. மத்தியானம் போல தலை சரிஞ்சுது. நித்திரை எண்டுதான் அண்ணை நினைச்சம்.”

இராசலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சனம் இன்னும் துறையிலதான் அண்ணை நிக்குது. அக்காவையும் அதிலதான் வைச்சிருக்கிறம். அக்கரையில இருந்து செத்தவீட்டுக்கு வாற ஆக்கள் புதுப் படகில வரட்டும், பிறகு எடுப்பம் எண்டு பெரியாக்கள் சொல்லினம். படகு எங்க அண்ணை நிக்குது?”

“வராது தம்பி.”

காற்று இரைந்தது. தம்பித்துரை யாரிடமோ ஏதோ சொல்வதும், அவர்கள் திருப்பி ஏதோ கேட்பதும் கேட்டன.

“இண்டைக்கு வராதோ அண்ணை?” என்று கேட்டான் தம்பித்துரை.